அதிகாரி வருகிறார் என்று கொட்டிய மண்

என் மகள் நடப்பதைப் பார்க்கும் வெளியாட்களுக்கு எதுவும் தெரியாது. சிமெண்ட் ரோட்டிலும் பள்ளிக்கூட வராந்தாவிலும் அவள் மற்றப் பிள்ளைகளைப் போலத்தான் நடக்கிறாள். மண் தரை வந்ததும் ஒரு கணம் நிற்கிறாள். வலது காலை முன்னே வைத்து, அழுத்திப் பார்த்து, தரை தாங்குகிறது என்று தெரிந்த பிறகே இடது காலை எடுக்கிறாள். ஏழாம் வகுப்புப் படிக்கிற பெண் தன் வீட்டுக் கொல்லையைக் கடக்க இவ்வளவு யோசிக்கிறாள்.

எங்கள் ஊர் ஆலங்குடிப் பக்கம். தென்னந்தோப்பும் முந்திரிக்காடும் கடலைக் கொல்லையுமாக இருக்கும். ஊருக்குக் கிழக்கே, நான் கல்யாணமாகி இங்கே வருவதற்கு முன்பே, எண்ணெய் இருக்கிறதா என்று பார்க்க ஒரு கம்பெனி வந்து பூமியைத் துளைத்தது. மண்ணெண்ணெய்க் கிணறு என்று சொல்லித்தான் நிலத்தைக் குத்தகைக்குக் கேட்டார்களாம். வேலை முடிந்ததும் பழையபடி கொல்லையாக்கித் தந்துவிடுவோம் என்றார்களாம். துளைத்தார்கள், பார்த்தார்கள், போய்விட்டார்கள். நடுவில் ஒரு இரும்புக் குழாய், அதன் தலையில் சக்கரம் போன்ற வால்வு. பக்கத்தில் ஒரு குழி. துளைக்கும்போது வெளியே வந்த சேறு, எண்ணெய், இன்னும் என்னென்னவோ எல்லாவற்றையும் அந்தக் குழியில் விட்டிருந்தார்கள். அடியில் விரித்த கறுப்பு பிளாஸ்டிக் ஷீட் ஓரங்களில் கிழிந்து காற்றில் படபடக்கும். சுற்றிப் போட்ட கம்பி வேலி எப்போதோ காணாமல் போயிற்று. ‘அனுமதியின்றி உள்ளே வரக்கூடாது’ என்ற பலகை மட்டும் இருந்தது. அதையும் ஆடுகள் உரசி உரசிச் சாய்த்துவிட்டன.

மழைக்காலத்தில் குழி நிரம்பி, பக்கத்துத் தோப்புக் கிணற்றுக்குள் கசியும். அந்தக் கிணற்று நீரின் மேல் மயில் கழுத்து நிறத்தில் ஒரு படலம் மிதக்கும். கோடையில் குழியின் மேல்பரப்பு காய்ந்து ஏடு கட்டிவிடும். அதன் மேல் முந்திரிச் சருகு விழுந்து மூடிவிட்டால், எது தரை, எது குழி என்று கண்ணுக்குத் தெரியாது.

கோடை லீவில் ஒரு காலை, என் மகள் ஓடிப்போன ஆட்டுக்குட்டியைத் துரத்திக்கொண்டு அந்தச் சருகின் மேல் கால் வைத்துவிட்டாள்.

தோப்புக்காரச் சித்தப்பாதான் அவளை வெளியே எடுத்தவர். எனக்கு உறவில்லை, ஆனால் ஊரில் எல்லோருக்கும் அவர் சித்தப்பா. சத்தம் கேட்டு வந்தவர், இறங்கினால் தானும் மாட்டிக்கொள்வோம் என்று புரிந்து, ஒரு நீளமான தென்னை மட்டையை அவளிடம் நீட்டியிருக்கிறார். நெஞ்சு வரைக்கும் போயிருந்தாள். நான் ஓடிப்போனபோது கரையில் கறுப்பாக ஏதோ கிடந்தது. அது என் பிள்ளை என்று எனக்கு ஒரு நொடி தெரியவில்லை. அந்த ஒரு நொடியை நான் இன்னும் மறக்கவில்லை. ஆட்டுக்குட்டி வெளியே வரவேயில்லை.

அவள் மேல் தண்ணீர் ஊற்றினால் ஒட்டவில்லை, வழிந்து ஓடியது. தேங்காய் எண்ணெய் தேய்த்து, துணியால் வழித்து, சோப்புப் போட்டு, மறுபடியும் எண்ணெய். தலைமுடியைக் கத்தரிக்க வேண்டியிருந்தது. இரண்டு நாளில் கால்களில் தோல் சிவந்து உரிய ஆரம்பித்தது. அரசு ஆஸ்பத்திரி டாக்டர் நல்ல மனிதர். பொறுமையாகக் கேட்டார்.

“என்னம்மா பட்டுச்சு? என்னன்னு தெரிஞ்சாத்தான அதுக்கு ஏத்த மாதிரி மருந்து குடுக்க முடியும்?”

எனக்குத் தெரியவில்லை. பி.எஸ்சி. படித்தவள் நான். பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கிறேன். ஊரில் யாருக்கு மனு எழுத வேண்டுமென்றாலும் என்னிடம்தான் வருவார்கள். ஆனால் என் மகளின் தோலில் ஒட்டியது என்ன என்று நான் ஊரெல்லாம் கேட்க வேண்டியிருந்தது. கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டேன், தாலுகா ஆபீஸில் கேட்டேன், கம்பெனியின் வட்டார ஆபீஸுக்குப் போன் போட்டேன். அந்தக் குழியில் என்ன இருக்கிறது என்று எனக்குச் சொல்லக் கடமைப்பட்ட ஆள் ஒருவர்கூட இந்த நாட்டில் இல்லை என்று தெரிந்தது. டாக்டர் சீட்டில் ‘எண்ணெய் போன்ற பொருள்’ என்று எழுதினார்.

திங்கட்கிழமை மனு நாள். புதுக்கோட்டைக்குப் பஸ் ஏறினேன். பேச்சு எதற்கு, பார்க்கட்டும் என்று குழிச் சேற்றை ஒரு தண்ணீர் பாட்டிலில் அள்ளி மஞ்சள் பையில் வைத்திருந்தேன். கலெக்டர் ஆபீஸ் வாசலில் போலீஸ் பையைச் சோதிப்பார்கள். யாராவது உடம்பில் ஊற்றிக்கொண்டு பற்ற வைத்துவிடக் கூடாதே என்பதற்காக. ஏழாவது படிக்கிற மகளுக்காக மனு கொடுக்க வந்தேன் என்று சொல்லிக்கொண்டே பையை நீட்டினேன். பெண் காவலர் மூடியைத் திறந்து முகர்ந்தார். முகம் மாறிவிட்டது.

“என்னம்மா இது, மண்ணெண்ணெயா? வயசுக்கு வரப்போற பிள்ள வச்சிருக்கேங்கிற, இப்பிடியா பண்ணுவ?”

“ஐயோ மேடம், கொளுத்திக்கிறதுக்கு இல்லைங்க. எங்க ஊர்ல ஒரு குழி நெறையக் கெடக்குது. அத ஐயாகிட்ட காட்டத்தான்…”

“எதுவா இருந்தாலும் உள்ள போகக்கூடாது. டேஞ்சர்.”

பாட்டிலைப் பிடுங்கி மணல் வாளிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன், அவர் வேலையைச் சரியாகச் செய்தார். ஆனால் அன்றைக்கு வரிசையில் நின்றபோது எனக்குள் ஏறிய கோபம் இன்னும் இறங்கவில்லை. ஒரே ஒரு பாட்டில் இந்தக் கட்டடத்துக்குள் போனால் டேஞ்சர். குழி நிறைய எங்கள் பிள்ளைகள் விளையாடும் இடத்தில் கிடந்தால் அது மனு.

மனுவுக்கு ரசீது கொடுத்தார்கள். பிறகு கடிதங்கள் வந்தன. அவற்றை வாசித்து வாசித்து ஒரு விஷயம் புரிந்துகொண்டேன். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், அது இயங்காத இடம் என்றது. இயங்குகிற ஆலைக்குத்தான் இசைவாணை என்கிற அனுமதி உண்டு, இயங்காத இடத்துக்கு இசைவாணையே இல்லை, இல்லாத இசைவாணையை எப்படி ரத்து செய்வது? கம்பெனியோ, அது கைவிடப்பட்ட இடம் அல்ல, தற்காலிகமாக நிறுத்தி வைத்திருக்கிறோம் என்றது. நிரந்தரமாக மூடினால்தான் குழியைச் சுத்தம் செய்து நிலத்தைத் திருப்பித் தரும் பொறுப்பு வருமாம். ஆக, வாரியத்துக்கு அது செத்துப்போன இடம், கம்பெனிக்கு அது தூங்கும் இடம். குழிக்கு மட்டும் இது எதுவும் தெரியாது.

அரசியல் கட்சிக்காரர்களும் வந்தார்கள். ஒரு கட்சிக்காரர் லைசென்ஸ் கொடுத்தது டெல்லி என்றார். இன்னொரு கட்சிக்காரர் நிலத்தை அளந்து கொடுத்தது சென்னை என்றார். இரண்டு பேரும் என் மகளின் காலைப் போட்டோ எடுக்க வேண்டும் என்றார்கள். இரண்டாவது ஆள் வந்தபோது அவள் பாவாடையை இழுத்துக் கணுக்காலை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அதன் பிறகு யாரையும் வீட்டுக்குள் விடவில்லை.

சிங்கப்பூரில் கட்டட வேலை பார்க்கும் என் கணவர் வீடியோவில் அவள் காலைப் பார்த்துவிட்டு, இன்னும் கிட்டே காட்டும்படி கேட்டார். பிறகு சொன்னார்: “இங்க ஒரு குழிய மூடாம, தடுப்பு வைக்காம சாப்பிடப் போனோம்னா அன்னைக்கு சைட்டையே நிறுத்திருவாங்க. இத்தனைக்கும் நாங்க ஊரு விட்டு ஊரு வந்த கூலிக்காரங்க. அது நம்ம சொந்த ஊரு.”

எத்தனையோ நினைவூட்டல்களுக்குப் பிறகு, ஆய்வுக்கு அதிகாரிகள் வருவதாகத் தகவல் வந்தது. குழியையும் கிணற்றையும் பார்ப்பார்கள், மாதிரி எடுப்பார்கள். அன்று எனக்கு வந்த சந்தோஷத்தை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

முதல் நாள் காலையில் ஊராட்சிச் செயலர் என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

“அக்கா, நாளைக்கு ஆபீசருங்க வார்றாங்க. பாதை பூரா முள்ளு. குழியோரம் கால் வைக்க முடியல. யாராச்சும் வழுக்கி விழுந்துட்டா என் வேலை போயிரும். ரெண்டு டிராக்டர் கிராவல் செம்மண்ணு சொல்லிருக்கேன். நூறு நாள் ஆளுகளக் கூட்டிக்கிட்டு நீங்கதான் முன்னாடி நின்னு பாக்கணும்.”

கலெக்டர் வந்தாலும், மந்திரி வந்தாலும், பள்ளி ஆய்வாளர் வந்தாலும் எங்கள் பக்கம் இதுதான் வழக்கம். பாதையைச் செதுக்குவோம், பள்ளத்தில் மண் போடுவோம், இரண்டு பக்கமும் பிளீச்சிங் பவுடரால் வெள்ளைக்கோடு போடுவோம். வருகிறவர் எதைப் பார்க்க வருகிறார் என்று யாரும் கேட்பதில்லை. கை தானாகச் செய்யும். நானும் கேட்கவில்லை. படித்தவள் நான் கேட்டிருக்க வேண்டும்.

நாங்கள் முள்ளை வெட்டினோம். பாதையோரக் குழிப்பக்கம் பச்சை மட்டைகளை ஏட்டின் மேல் பரப்பி, அதன் மேல் செம்மண்ணை வீசினோம். அதிகாரியின் காலில் சேறு படக் கூடாதாம். நானும் ஒரு மண்வெட்டியைப் பிடித்தேன். என் மகள் விழுந்த பக்கம் அதுதான். அவள் விழுந்த பிறகு இத்தனை நாளில் ஒரு கூடை மண் அங்கே போட யாருக்கும் தோன்றவில்லை. அதிகாரி வருகிறார் என்றதும் இரண்டு டிராக்டர் மண் வந்துவிட்டது. அதைப் போடும்போதும் எனக்கு உறைக்கவில்லை. தண்ணீர் டேங்க் ஆபரேட்டர், நாற்றம் அடிக்கிறதே என்று தோப்புக் கிணற்றில் ஒரு வாளி பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றினார். மேலே மிதந்த படலத்தை வாளியால் மொண்டு கொட்டினார். “இப்பப் பாருங்க அக்கா, குடிக்கலாம் போல இருக்கு” என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

மறுநாள் வந்த மாசுக் கட்டுப்பாட்டு வாரியப் பொறியாளர் இளைஞர். காரை விட்டு இறங்கி, வெள்ளைக்கோட்டுக்கு நடுவே நடந்து வந்து, சுற்றிப் பார்த்தார்.

“குழி எங்கம்மா?”

“இதுதாங்க சார்.”

“இதுல மண்ணுதான இருக்கு?”

“மேலதாங்க மண்ணு. நேத்து நாங்கதான் போட்டோம், நீங்க நடக்கறதுக்கு.”

அவர் என்னைப் பார்த்த பார்வையில் ஏளனம் இல்லை, களைப்புதான் இருந்தது. அந்தப் பக்கம் கறுப்பாகத் தெரிகிற இடத்துக்கு வாருங்கள் என்று சித்தப்பா கூப்பிட்டார். அதற்கு முள்ளுக்குள் இறங்க வேண்டும். பொறியாளர் இறங்கவில்லை. சித்தப்பா கடப்பாரையால் செம்மண்ணைக் குத்தி இழுத்தார். நுனியில் கறுப்புச் சேறு ஒட்டிக்கொண்டு வந்தது.

“பாருங்க சார், இதாங்க!”

“பெரியவரே, நீங்க தோண்டி எடுத்துக் குடுக்கறத நான் சாம்பிளா எடுக்க முடியாது. வந்தப்ப என்ன இருந்துச்சோ அதத்தான் எழுத முடியும்.”

கிணற்றில் கேனை இறக்கித் தண்ணீர் எடுத்தார். இளநீர் வெட்டிக் கொடுத்தோம், குடித்தார். கார் போன பிறகு சித்தப்பா கடப்பாரையைத் தரையில் ஊன்றி, யாரையும் பார்க்காமல், “பொண்ணு பாக்க வர்றாங்கன்னு வீட்டக் கூட்டுன மாதிரி கூட்டிட்டோம்ல, ஆத்தா” என்றார். எனக்கு அப்போதுதான் தலையில் அடித்த மாதிரி இருந்தது.

அடுத்த வாரம் ஆலங்குடியில் தாலுகா ஆபீஸ் கூட்ட அறையில் பேச்சுவார்த்தை நடந்தது. நாங்கள் போராட்டம் நடத்தவே இல்லை, ஆனாலும் அமைதிப் பேச்சுவார்த்தை என்றுதான் பெயர். ஒரு பக்கம் தாசில்தார், வாரியத்தின் பொறியாளர், கம்பெனியிலிருந்து வந்த மடிப்புக் கலையாத சட்டைக்காரர். எதிர்ப்பக்கம் சித்தப்பா, செயலர், நான். தாசில்தார் ஆய்வறிக்கையை வாசித்தார். ஆய்வின்போது குழியில் கழிவு வெளித்தெரியும் நிலையில் இல்லை. மண்ணால் மூடப்பட்டுள்ளது. கிணற்று நீரில் எண்ணெய்ப் படலம் காணப்படவில்லை. பாதை சுகாதாரமாகப் பராமரிக்கப்படுகிறது. எல்லா வரியும் நாங்கள் செய்தது. எங்கள் மண்வெட்டியால் எழுதிக் கொடுத்த அறிக்கை அது.

நான் எழுந்து நின்றேன். “ஐயா, அந்த மண்ணு நாங்க போட்டது. கிணத்துல பிளீச்சிங் பவுடர் ஊத்துனதும் நாங்கதான். சார் வர்றாருன்னு சுத்தம் பண்ணிட்டோம். தப்பு எங்க மேலதான். திரும்ப வந்து பாக்கச் சொல்லுங்க.”

செயலர் என் புடவை முந்தானையைப் பிடித்து இழுத்தார். தாசில்தார் கண்ணாடியைக் கழற்றினார்.

“அதான் நீங்களே மூடிட்டீங்கல்லம்மா? அப்புறம் என்ன பிரச்சினை?”

சட்டைக்காரர் மெதுவாகப் பேசினார். “மேடம், உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். அது லைசென்ஸ் உள்ள எடம். கம்பெனி அனுமதியில்லாம நீங்க அதுல மண் கொட்டுனதே அத்துமீறல். நாங்க பெருந்தன்மையா விட்டுட்டோம். இனிமே தொட்டீங்கன்னா கம்ப்ளெய்ண்ட் ஆயிடும்.”

“எம்பிள்ள அதுல விழுந்தப்ப அது லைசென்ஸ் உள்ள எடம் இல்லையாங்க?”

“அனுமதியில்லாம உள்ள வரக்கூடாதுன்னு போர்டு வச்சிருக்கோம் மேடம்.”

சித்தப்பாவுக்குக் குரல் ஏறிவிட்டது. “அந்த போர்ட ஆடு சாச்சு மூணு வருஷம் ஆச்சு தம்பி. ஒங்க ஆபீஸ்ல இருந்து எவனாச்சும் வந்து பாத்தீங்களா? ஆட்டுக்குட்டி என்ன, போர்டு வாசிச்சுட்டா போகும்?”

யாரோ சிரித்தார்கள். பொறியாளர் மட்டும் சிரிக்கவில்லை. புறப்படும்போது வராந்தாவில் என்னிடம், “ஒரு வெள்ளைத்தாள்ல மறு ஆய்வு கேட்டு எழுதிக் குடுங்க மேடம். இப்ப இருக்கற மாதிரி இருந்தா நான் வந்தும் பிரயோசனமில்ல” என்றார். அதைக் கருணை என்று எடுத்துக்கொள்வதா, தப்பிப்பது என்று எடுத்துக்கொள்வதா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. எழுதிக் கொடுத்தேன்.

பஸ் இறங்கி வீட்டுக்கு நடந்தபோது சாயங்கால வெயில் இருந்தது. கிழக்குப் பாதையில் பிள்ளைகளின் சத்தம். போய்ப் பார்த்தேன். நாங்கள் பரப்பிய செம்மண் விளிம்பில் இரண்டு சிறுமிகள் குச்சியால் பாண்டி ஆட்டத்துக்குக் கட்டம் கீறிக்கொண்டிருந்தார்கள். சமமாக, சிவப்பாக, முள் இல்லாமல், இரண்டு பக்கம் வெள்ளைக்கோட்டோடு, எங்கள் ஊரிலேயே விளையாட அதைவிட அழகான இடம் இல்லை. கடைசிக் கட்டம் மட்டைகளுக்கு மேலே இருந்தது. நான் போட்ட சத்தத்தில் ஒரு குழந்தை அழுதுவிட்டது. இரண்டு பேரையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து அவர்கள் வீட்டில் விட்டேன். என்னாச்சு என்று கேட்டவர்களிடம், அந்தப் பக்கம் பிள்ளைகளை விடாதீர்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

முன்பாவது அது கறுப்பாக, நாற்றமாக, பயப்படும்படி இருந்தது. இப்போது நான் அதைத் தரை மாதிரி ஆக்கி வைத்திருக்கிறேன். இன்னொரு தாயின் பிள்ளைக்குக் கண்ணி வைத்தது போல.

தொட்டால் கம்ப்ளெய்ண்ட் ஆகும். தொடாவிட்டால் எவள் பிள்ளையாவது விழும். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? மறுநாள் காலையில் மண்வெட்டியோடு போனேன். சித்தப்பா கடப்பாரையோடு முன்பே வந்து நின்றார். அன்றைக்கு மண் போட்ட அதே பெண்களில் ஏழெட்டுப் பேர் வந்தார்கள். ஒருத்தி, “போடச் சொன்னதும் நீதான், அள்ளச் சொல்றதும் நீதான். ரெண்டு தடவ அட்டெண்டன்ஸ் போடச் சொல்லுக்கா” என்றாள். செயலர் தூரத்தில் பைக்கில் உட்கார்ந்து பார்த்தார். வரவும் இல்லை, தடுக்கவும் இல்லை.

ஆனால் யாரும் ஆரம்பிக்கவில்லை. எங்கே நின்று அள்ளுவது? போட்டவர்கள் நாங்கள்தான், ஆனாலும் விளிம்பு எங்கே முடிகிறது என்று ஒருவருக்கும் நிச்சயமில்லை. மண்ணைப் பரப்பும்போது எல்லாவற்றையும் ஒரே மட்டமாக இழுத்துவிட்டிருந்தோம். சித்தப்பா கடப்பாரையால் ஓரிடத்தில் தட்டினார், தலையை ஆட்டினார், பின்னால் வந்தார்.

“இங்கிட்டு இல்ல தாத்தா.”

என் மகள். வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தேன். அந்த நாளுக்குப் பிறகு அவள் கிழக்குப் பக்கம் தலை வைத்தும் படுத்ததில்லை. பாதையின் தொடக்கத்தில், சிமெண்ட் முடியும் இடத்தில், ஒரு நீளமான குச்சியோடு நின்றாள்.

“போடி வீட்டுக்கு” என்றேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. வலது காலை முன்னே வைத்து அழுத்திப் பார்த்தாள். இடது கால். மறுபடியும் வலது. அவள் வந்து சேர்வதற்குள் எனக்கு உயிர் போய் வந்தது. சாய்ந்து கிடந்த பலகையிடம் நின்று, அதிலிருந்து, தான் அன்று போன வழியே, அடி அடியாக எண்ணினாள். குச்சியால் செம்மண்ணில் ஒரு கோடு இழுத்தாள். சாதாரணமாக, பள்ளிக்கூடத்தில் கரும்பலகையில் இழுப்பதுபோல.

“இது வரைக்கும் தரை. இதுக்கு மேல இல்ல.”

அவள் பின்னால் வந்து நின்றுகொண்டாள். நாங்கள் அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று மண்ணை வாரினோம். மட்டைகளை இழுத்துப் போட்டோம். நாற்றம் எழுந்தது. மதியத்துக்குள் குழி மறுபடியும் கறுப்பாக வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவள் கிழித்த கோட்டின் மேலேயே முள்வேலி கட்டினோம். மறு ஆய்வுக்கு முன் யாரும் கிணற்றுப் படலத்தை மொள்ளக் கூடாது என்று சித்தப்பா கிணற்று ராட்டினத்தைக் கழற்றி வீட்டுக்கு எடுத்துப்போனார்.

அத்துமீறல் என்று கம்பெனி கொடுத்த புகாருக்கு நான் எழுதிய விளக்கத்தில், மண்ணைப் போட்டதும் எடுத்ததும் நானே என்று எழுதி என் கையெழுத்தைப் போட்டிருக்கிறேன். மறு ஆய்வு எப்போது என்று இன்னும் கடிதம் வரவில்லை. வந்தால் வரட்டும். பாதையில் முள் மறுபடியும் முளைத்துவிட்டது. ஒருத்தரும் அதை வெட்ட மாட்டோம்.